மேடையில் பாடாத பாட்டு

நம் குழுவில் அறிவிப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். மாலையில் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்காக முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்த் தெருத்தெருவாக ஏன் அலைகிறோம் என்பது ஒன்று. முருகேசன் அண்ணன் ஒத்திகை அறையில் தனியே இருக்கும்போது மட்டும் கிதாரில் வாசிக்கும் அந்தப் பாட்டை ஏன் எந்த மேடையிலும் பாடுவதில்லை என்பது மற்றொன்று. பிறகு சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் ஆய்வுப் படிப்புக்காக நான் குழுவை விட்டு விலகுகிறேன். மேடையைத் தவிர மற்ற இடங்களில் எனக்குப் பேச்சு வராது என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பவற்றைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அவை ஒரு திருவிழாக் காலத்துக்குள் தாமாக வந்துவிடும்.

பெரம்பலூரில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அன்று இங்கே இருந்தது திரைப்பாடல்கள் பாடும் ஒரு மெல்லிசைக் குழு. கீபோர்டு வாசித்தவர்தான் உரிமையாளர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். ழகரத்தில் தடுமாறாத ஒரு பெண் குரல் வேண்டுமென்று தேடி அவர் எங்கள் கல்லூரிக்கு வந்தார். பாட வேண்டாம், ஆட வேண்டாம், பேசினால் போதும் என்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து உறுதி சொன்ன பிறகே என்னை அனுப்பினார்கள். எனக்கு அவர் கற்றுத் தந்த விதிகள் இரண்டு. அறிவிப்பாளர் மேடையில் உட்காரக் கூடாது. மேடையில் சத்தமில்லாமல் ஒரு நொடிகூடக் கழியக் கூடாது.

"ஜனங்க சும்மா இருந்தா யோசிக்க ஆரம்பிச்சுருவாங்கம்மா. யோசிச்சா வூட்டுக்குக் கெளம்பிருவாங்க. நீ பேசிக்கிட்டே இரு."

இரண்டையும் நான் வேதமாகக் கொண்டேன். குறைகூறும் நோக்கில் இதைச் சொல்லவில்லை. என்னை ஒரு தொழிலாளியாக்கியவர் அவர்தான்.

ஒத்திகை அறை அன்றும் இதேதான்: பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடையின் மேல்மாடி. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை படியேறி வந்து பாட்டோடு கலந்துகொள்ளும். அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சாலையில் போனால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று நடுங்கும். முருகேசன் அண்ணன் அந்த நடுக்கத்துக்கே தாளம் பிடித்து ஏதாவது பாடத் தொடங்குவார். கீழேயிருந்து கடைக்காரர், "லாரி போயிருச்சு, நிறுத்துப்பா" என்று கத்துவார். இப்போது கண்ணாடியை மாற்றிவிட்டார்கள். லாரி போவதே தெரிவதில்லை.

முருகேசன் அண்ணன் அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் திரைப்பாடல்களுக்கிடையே ராப் வரத் தொடங்கியபோது, அதை மூச்சு விடாமல் பாடக்கூடிய ஒரே ஆளாக அந்தக் குழுவுக்கு வந்தவர். சுவரொட்டியில் அவர் பெயர் 'ராப் முருகேஷ்'. முழுப் பாட்டு எதுவும் அவருக்குக் கிடையாது. மற்றவர்கள் பாடும் பாட்டின் நடுவே எட்டு வரி வரும். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வருவார், எட்டு வரியைக் கொட்டுவார், விசில் பறக்கும், பின்னால் போய்விடுவார்.

அரியலூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த கச்சேரி எனக்கு மறக்காது. தாளம் கொடுக்கும் பெட்டியை யாரோ தவறாக அழுத்திவிட்டார்கள். பாட்டு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. பாடகர் திணறி நின்றுவிட்டார். முருகேசன் அண்ணன் முன்னால் வந்து, அந்த வேகத்திலேயே தம் எட்டு வரியையும் பிசகாமல் பாடி முடித்தார். மைதானமே எழுந்து நின்றது. மாஸ்டர் அவரைக் கட்டிக்கொண்டு, "மெஷினுக்கே மூச்சு வாங்க வச்சிட்டான்டா" என்றார்.

திரும்பும் வழியில் வேன் ஒரு டீக்கடையில் நின்றது. அண்ணன் என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, நீ தமிழ் படிக்கிற புள்ள. இன்னிக்கு நான் பாடுனதுல ஒரு வரி சொல்லு பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். "ஒரு வரியும் வெளங்கலண்ணே. ஆனா நல்லா இருந்துச்சு."

அவர் சிரித்தார். "அதேதான். இத்தன வருசமா நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுங்கிறாங்க. எது நல்லா இருந்துச்சுன்னு ஒரு ஆளும் சொன்னதில்ல."

கறுப்புக் கண்ணாடியை அன்று அவர் டீக்கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டார். மறதி என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த ஆண்டு மாஸ்டர் குழுவைத் திருச்சிக்கு மாற்றினார். கீபோர்டு, தாளப் பெட்டி, வேன் எல்லாம் அவரோடு போயின. முருகேசன் அண்ணனையும் அழைத்தார். அண்ணன் ஒரு திருவிழாக் காலம் அவகாசம் கேட்டார். தனியாக, தம் சொந்தப் பாட்டுகளோடு மேடையேறிப் பார்க்க வேண்டும் என்றார்.

"பாரு. தாராளமாப் பாரு. சீசன் முடிஞ்சதும் எனக்கு ஒரு பதில் சொல்லணும். ஒன் எடத்த அதுவரைக்கும் காலியா வச்சிருப்பேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவேன்."

இதுதான் அன்று பணயத்தில் இருந்தது. வென்றால் அவருக்கு முழுப் பாட்டு. தோற்றால் ஆயுள் முழுவதும் எட்டு வரி.

அண்ணன் ஒரு பழைய மரக் கிதார் வாங்கினார். வரதராஜன்பேட்டையிலிருந்து ஆரோக்கியம் வந்து சேர்ந்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் பழகியவர், ஆனால் மனமெல்லாம் எலெக்ட்ரிக் கிதாரை அலற வைப்பதில். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே நானும் இருந்தேன். தாளக்காரர் இல்லை. கிதாரின் மர உடம்பில் உள்ளங்கையால் தட்டி அண்ணனே தாளம் போட்டுக்கொண்டார். இயந்திரத்தோடு பாடிப் பழகியவருக்கு அது இல்லாமல் நிதானம் பிடிபடவில்லை. போகப் போக வேகம் ஏறிவிடும்.

"அண்ணே, நீங்க ஜெயங்கொண்டமே போய்ச் சேந்துட்டீங்க. நான் இன்னும் அரியலூரே தாண்டல" என்பார் ஆரோக்கியம்.

"நீ பொறுமையா வாடா. ஒனக்கு எடம் போட்டு வைக்கிறேன்."

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. நடவுப் பாட்டின் மெட்டு ஒன்று எங்கிருந்தோ வரும். அண்ணன் அதன் நடுவே ராப் எழுதுவார். ஆரோக்கியம் அதற்கு அடியில் ராக் இசையின் முழக்கத்தைக் கொண்டுவந்து வைப்பார். முதலில் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும். திடீரென்று ஒரு மாலையில் ஒட்டிக்கொள்ளும். அப்போது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம், பார்த்தால் கலைந்துவிடும் என்பதுபோல.

அப்படி ஒட்டிக்கொண்டவற்றுள் சிறந்தது ஓர் ஒப்பாரி. அண்ணனின் அத்தை, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய தம் கணவர் இறந்தபோது அழுத மெட்டு. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் ராப்பை அண்ணன் எழுதினார்.

சுண்ணாம்புக்கல் லோடு ஏத்தி, செவந்த கண்ணா வூடு வந்து,
தின்ன தட்டு கழுவுமுன்ன திரும்பிப் போன ஆளு நீ.

முதன்முதலாக அதை முழுக்கப் பாடிப் பார்த்த அன்று தெருப் பெண்கள் நாலைந்து பேர் பதறிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்கள்.

"யாரு வூட்டுல என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவலைக்கா. ஒத்திகை."

"இதுக்குக்கூடவா ஒத்திகை பாப்பீங்க!"

அவர்களும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அதை எங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். பிறகு ஒரு கல்லூரி விழாவில் பாடியபோது மாணவர்கள் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டார்கள். அதோடு எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஊர்த் திருவிழாக்கள் அவ்வளவு கருணை காட்டவில்லை. குரும்பலூரில் ஒருவர் மேடையருகே வந்து, "இதெல்லாம் சரி, பாட்டு எப்பப் பாடுவீங்க?" என்று பணிவாகவே கேட்டார். எஞ்சியிருந்தது அரும்பாவூருக்குப் பக்கத்துக் கிராமத்தின் அம்மன் திருவிழா ஒன்றுதான். மாஸ்டர் திருச்சியிலிருந்து வந்து, கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றார்.

நாங்கள் மதியம் ஊருக்குள் வந்தோம், நேராக மேடைக்குப் போனோம். பொழுது சாய்ந்ததும் தொடங்கினோம். முதல் மூன்று பாட்டும் நன்றாகவே போயின. பெண்கள் முன்வரிசையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒப்பாரியை எடுத்துவிடலாம் என்று அதற்குப் பொருள். நான் அறிவித்தேன். அவர் அத்தையின் மெட்டைத் தொடங்கினார்.

முதல் அடி முடிவதற்குள் முன்வரிசை இறுகிவிட்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து நின்றார். அவர் பெயர் பார்வதி என்பது பிறகுதான் தெரிந்தது.

"நிறுத்துடா! காப்புக் கட்டுன ஊருல என்னா பாட்டுடா இது?"

எங்களுக்கு விளங்கிவிட்டது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊரில் அழுகைக் குரல் கேட்கக் கூடாது. சாவே விழுந்தாலும் பறையடிக்காமல், சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். இது தெரியாதவர் எங்கள் மூவரில் எவரும் இல்லை. ஆனால் மாடி அறையிலும் கல்லூரி அரங்கிலும் பாடிப் பாடி, அது ஒப்பாரி என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அது எங்கள் சிறந்த பாட்டு என்பது மட்டுமே நினைவிலிருந்தது.

பார்வதி நிறுத்தவில்லை. "போன வருசம் எங்க வூட்டுக்காரரு இதே காப்புலதான் போய்ச் சேந்தாரு. ஊருக்கு ஆவாதுன்னு முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு அனுப்பி வச்சேன். ஒரு வாய் அழுவ வுடல. எனக்கில்லாத ஒப்பாரி இவனுக்கு மைக்கு வச்சுக் கேக்குதா?"

விழாக் கமிட்டித் தலைவர் மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் இளைஞர்கள் சிலர் விசிலடித்தார்கள். மைக் என் கையில் இருந்தது. மாஸ்டரின் விதிப்படி நான் அந்த நொடியில் பேசியிருக்க வேண்டும். நாட்டார் வழக்காறு பற்றிய அழகான வாக்கியம் ஒன்று என் நாக்கில் தயாராகவும் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். நான் என்ன சொன்னாலும் அது அவர் வாயில் இன்னொரு முந்தானையாகிவிடும் என்று தோன்றியது. மைக்கை இறக்கிவிட்டேன்.

அண்ணன் கிதார் நரம்புகளை உள்ளங்கையால் பொத்தினார். மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமலே சொன்னார்.

"தப்புத்தாங்க்கா. மன்னிச்சுக்குங்க. இந்த ஊருல இன்னிக்கு என்னா பாடலாம்னு நீங்களே சொல்லுங்க. அதத்தான் பாடுவேன்."

எவரும் பதில் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அமைதியை நான் எந்த மேடையிலும் அனுபவித்ததில்லை. கூட்டம் எழுந்து போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை. பார்வதிதான் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வெளியேறினார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அம்மன் கும்மியின் முதலடியை எடுத்தது. இரண்டு கை தட்டின. பத்துக் கை தட்டின. முன்னாலிருந்த பெண்கள் எழுந்து வட்டமானார்கள். அண்ணன் கிதாரின் உடம்பில் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு, அடிக்கும் அடிக்கும் இடையில் தம் வரிகளை நுழைத்தார். வழக்கம்போல அவருக்கு வேகம் ஏறியது. கைத்தட்டல் அவருக்காக ஓடவில்லை. "தம்பி, அவசரமா எங்க போற?" என்று வட்டத்திலிருந்து ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆரோக்கியம்கூடத் தம் கிதாரை அடக்கி வாசித்தார்.

ஆனாலும் கமிட்டி நிகழ்ச்சியைச் சீக்கிரமே முடிக்கச் சொல்லிவிட்டது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் தலைவர். அதன் பொருள் எங்களுக்குத் தெரியும்.

மாஸ்டர் சாமான்களைக் கட்டும் இடத்துக்கு வந்தார். அவர் குரலில் ஏளனம் இல்லை.

"கும்மி நல்லாத்தான் இருந்துச்சு முருகேசு. ஆனா ஊருக்கு ஊரு அந்தப் பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டுப் போவ முடியுமா? சனிக்கெழம துறையூர்ல கச்சேரி. வேன் சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வரும். ஏறிக்க. நடந்தத நான் கேக்கவே மாட்டேன்."

"சரிங்க மாஸ்டர்" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை காலையில் அவர் அறையைக் காலி செய்யத் தொடங்கினார். கிதாரைப் பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்தார். ஆரோக்கியமும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கீழே கடைக்காரர் யாரிடமோ, "மாடியிலதான் இருக்காங்க, போங்க" என்பது கேட்டது. படியேறி வந்தவர் பார்வதி.

அண்ணன் எழுந்து நின்றார். அடுத்து என்ன வசை வரப்போகிறதோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காப்பு அவுத்தாச்சு" என்றார் அவர். "காப்புக்குள்ள திதி வந்ததால, இன்னிக்குத்தான் அவருக்கு வருசம் கும்புடுறோம். பொழுதோட பொம்பளைங்க வருவாங்க. வந்து அதப் பாடிட்டுப் போ."

"எதுங்க்கா?"

"எதுன்னா? நான் நிறுத்துன பாட்டுதான். மைக்கெல்லாம் வேணாம்."

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டார். வருவதாக அண்ணன் சொல்லவில்லை. வராமலிருக்கக்கூடும் என்ற ஐயமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பிற்பகலில் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து மாஸ்டரின் வேன் ஹாரன் கேட்டது. அண்ணன் பையைத் தோளில் மாட்டினார், இறக்கினார், மறுபடி மாட்டினார்.

"என்னா தங்கச்சி பண்றது?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"துறையூர்ல எட்டு வரிண்ணே. அந்தக்கா வூட்டுல முழுப் பாட்டு."

அவர் பையை இறக்கி வைத்தார். "டேய் ஆரோக்கியம், கீழ போயி மாஸ்டர்கிட்ட வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு."

"நானா? என்னயத் திட்டுவாருண்ணே."

"திட்டட்டும். வாங்கிக்கிட்டு ஓடியா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதற்குப் பிறகு நேர்ந்தவை உங்களுக்குத் தெரியும். சுவரொட்டியிலிருந்து ராப்பும் முருகேஷும் போய், முருகேசன் வந்தார். அழைப்புகள் வருவதற்கு வெகுநாள் ஆயிற்று. வந்த ஒவ்வோர் ஊருக்கும் முந்தின நாளே போய், இங்கே இப்போது எதைப் பாடலாம், எதைப் பாடக் கூடாது, யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. அந்த வேலையை இனி நீங்கள் செய்வீர்கள். கதவைத் தட்டத் தயங்காதீர்கள். என்னைவிடத் தயங்குகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க முடியாது; நானே தட்டியிருக்கிறேன்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு அந்தச் சனிக்கிழமை மாலைதான் பதில். பார்வதி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. கூடத்தில் ஒரு படமும் படையலும். சுற்றிலும் பெண்கள். அண்ணன் தரையில் உட்கார்ந்து மரக் கிதாரை எடுத்தார். ஆரோக்கியம் தம் கிதாரைக் கொண்டுவந்திருக்கவில்லை. நான் வழக்கம்போல ஓரமாக, நிலைப்படியை ஒட்டி நின்றுகொண்டேன்.

அத்தையின் மெட்டு எழுந்தது. இந்த முறை எவரும் இறுகவில்லை. இரண்டாம் அடியிலேயே ஒருத்தி விசும்பினாள். பார்வதி மட்டும் படத்தையே பார்த்தபடி கல்லாக இருந்தார். பிறகு ராப் வந்தது. சுண்ணாம்புக்கல் லோடு, செவந்த கண், கழுவாத தட்டு. தொழில் பழக்கம் கையை மீறியது, அண்ணன் வேகமெடுத்தார்.

பார்வதி கையை உயர்த்தினார்.

"இரு தம்பி. ஓடாத. ஒவ்வொண்ணா சொல்லு. அழுவறதுக்கு நேரம் வேணும்ல."

மெஷினுக்கு மூச்சு வாங்க வைத்தவர் நிறுத்தினார். முதல் வரிக்குத் திரும்பிப் போனார். பேசுவதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்த இடைவெளியில், ஓராண்டுக்கு முன் வாயில் அடைத்த முந்தானையை அந்தப் பெண் வெளியே எடுத்தார். எடுத்ததும் வந்த குரலை நான் எழுதப்போவதில்லை. அது ஓயும்வரை அண்ணனின் விரல் நரம்பின்மேல் அசையாமல் இருந்தது. ஓய்ந்த பிறகே அடுத்த வரி வந்தது. வீட்டிலிருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

என் அருகிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீ யாரும்மா? ஏன் நின்னுக்கிட்டே இருக்க?"

"நான் பாட்ட அறிவிக்கிறவங்க."

"இங்க என்னத்த அறிவிக்கப் போற?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்ப உக்காரு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

உட்கார்ந்தேன்.